முட்டை எங்கே போச்சு?



முட்டை என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் கணக்குப் பேப்பர் ஞாபகம் வந்திருக்கும். பயப்படாதீர்கள், இது அந்த முட்டை இல்லை. நிஜமான முட்டை, நாட்டுக்கோழி முட்டை!

"மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா" என்று சங்கச் செயலாளர் கேட்டார். "கோழியைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். இ.இ.இ. படிக்கிறவன் டிரான்ஸ்பார்மரை விட்டுவிட்டுக் கோழியைப் பிடிக்கிறானே என்று நீங்களும் சிரிக்கலாம். ஆனால் முதல் வருஷத்திலிருந்து என் பரீட்சை ஃபீஸில் பெரும்பகுதியைக் கட்டியது எங்கள் வீட்டுக் கோழிகள்தான். அம்மா முட்டை விற்ற காசைக் கடுகு டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஃபீஸ் கட்டும் நாள் வந்தால் டப்பா திறக்கும். நம்மில் பலர் வீட்டில் இந்த டப்பா உண்டு என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் புரட்டாசியில் டப்பா காலி. ஆனி மாசத்தில் ஏழு கோழிகளிடமிருந்து தினம் மூன்று, நாலு முட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஒரு முட்டை கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா "கண்ணு பட்டிருச்சு" என்றார்கள். அப்பா "எல்லாத்தையும் வித்துத் தள்ளு" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்பு மாட்டினேன்!

ஆமாம். "கோழி முட்டையிட ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும்" என்று ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் படித்திருந்தேன். படிச்ச பிள்ளை இல்லையா? கோழிக்கூட்டுக்குள் ஒயர் இழுத்து, முட்டையிடும் கூடைக்கு நேர் மேலே ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு வாரம் ஆனது. கிடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு முட்டையும் நின்றுபோனது!

இனிப் பொறுக்க முடியாது என்று, இருப்பதிலேயே சீத்துவமில்லாமல் இருந்த செவலைக்கோழியை விற்க முடிவானது. மற்றக் கோழிகள் புது இறகோடு பளபளவென்று நிற்க, அது மட்டும் இறகு மங்கி, வால் ஒடிந்து, பார்க்கவே பாவமாக இருக்கும். "இது தேறாதுடா, சந்தைக்குக் கொண்டு போ" என்றார்கள் அம்மா. நானே சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய் 350 ரூபாய்க்கு விற்று வந்தேன். ஃபீஸ் கட்டியாச்சு.

பத்து நாள் கழித்து மாட்டுக்குச் சோளத்தட்டை உருவப் படப்புக்குப் போனேன். உள்ளே ஒரு பொந்து. பொந்துக்குள் பதினோரு முட்டை! எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. அம்மா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இது செவலை முட்டைடா."

மழை ஈரத்தில் அத்தனையும் கெட்டுப்போயிருந்தது. முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரே கோழியை நாங்கள் விற்றுவிட்டோம். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஆராய்ச்சி.

ஒரு முட்டை உருவாகும் கதை

கோழிக்கு வலது, இடது என்று இரண்டு சினைப்பை உண்டாகத் தொடங்கினாலும், வளர்ந்து வேலை செய்வது இடது பக்கம் மட்டும்தான். அங்கே திராட்சைக் குலை மாதிரி மஞ்சள் கருக்கள் வளர்ந்துகொண்டிருக்கும். முற்றிய கரு ஒன்று கழன்று, சுமார் 2 அடி நீளமுள்ள ஒரு குழாயில் விழும். அதை ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்! குழாயின் வாயில் கால் மணி நேரம். அடுத்த பகுதியில் சுமார் 3 மணி நேரம். இங்கே வெள்ளைக் கரு சேர்கிறது. அடுத்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இங்கே ஓட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு மூடுகிறது. கடைசியாக ஓடு கட்டும் அறை. இங்கே மட்டும் சுமார் 20 மணி நேரம்!

கூட்டினால் 24 முதல் 26 மணி நேரம் வருகிறது. ஒரு முட்டை இட்டு, சற்று நேரம் கழித்துத்தான் அடுத்த கரு கழலும். அதனால் இன்று காலை 7 மணிக்கு இட்ட கோழி, நாளை 8 மணிக்கு மேல், மறுநாள் இன்னும் தாமதமாக இடும். இப்படியே சாயங்காலத்தை நெருங்கும்போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். ஆகவே தினம் ஒரு முட்டை இடாத கோழி சோம்பேறி அல்ல. அதன் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் அப்படி.

ஃபால்ட் பார்ப்போமா?

மோட்டார் ஓடவில்லை என்றால் நாம் எடுத்த எடுப்பிலேயே காயிலையா பிரிக்கிறோம்? சப்ளை வருகிறதா, ஃபியூஸ் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் சரியா என்று வரிசையாகத்தானே பார்க்கிறோம்? லேப்பில் இதைப் படித்த நான் கோழி விஷயத்தில் மறந்துவிட்டேன். சப்ளை பார்க்காமலே காயிலை மாற்றிய கதைதான் நான் பல்பு மாட்டியது. சரியான வரிசை இதுதான்.

1. முட்டை இடவில்லையா, கிடைக்கவில்லையா?

இரண்டும் ஒன்று இல்லை. கோழி இருட்டான, ஒதுக்கமான இடத்தில்தான் முட்டையிட ஆசைப்படும். கூடையில் வெளிச்சமோ, பேனோ, ஆள் நடமாட்டமோ இருந்தால் படப்பு, விறகுக் குவியல், வேலிப் புதர் என்று வேறு இடம் தேடிப் போய்விடும். அதன் பிறகு கீரி, பாம்பு, காக்கை எடுத்ததுபோக மிச்சம்தான் நமக்கு. நான் கூடைக்கு நேர் மேலேயே பல்பு தொங்கவிட்டதும், செவலை படப்புக்குக் குடிபோனதும் ஒரே சமயத்தில் நடந்தவை என்பதை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கோழி முட்டையிடுகிறதா என்று அறிய மீட்டர் எதுவும் வேண்டாம், இரண்டு விரல் போதும். முட்டை வரும் வாயின் இரு பக்கமும் குச்சி மாதிரி இரண்டு எலும்புகள் தட்டுப்படும். முட்டையிடும் கோழிக்கு அந்த எலும்புகளின் நடுவே இரண்டு, மூன்று விரல் நுழையும். வாய் அகலமாக, ஈரமாக இருக்கும். இடாத கோழிக்கு ஒரு விரல் நுழைவதே கஷ்டம். வாய் சுருங்கி, உலர்ந்து இருக்கும். கொண்டையையும் பாருங்கள். இடுகிற கோழிக்குப் பெரிதாக, நல்ல சிவப்பாக இருக்கும். இடாததற்குச் சுருங்கி வெளுத்திருக்கும்.

இடுகிறது, ஆனால் முட்டை கிடைக்கவில்லை என்றால் வழி சுலபம். காலையில் திறந்துவிடாமல் 10, 11 மணி வரை கூட்டிலேயே தண்ணீரும் தீனியும் வைத்து அடைத்து வையுங்கள். அப்படியும் முட்டையை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே போனால், அது கேறும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். கூடையில் எப்போதும் ஒரு முட்டையை விட்டுவைக்கும் நம் பாட்டிமார் வழக்கம் அர்த்தமுள்ளது. முட்டை கிடக்கும் இடத்திலேயே முட்டையிடுவது கோழியின் சுபாவம்.

2. அடைக்கு உட்கார்ந்துவிட்டதா?

நாட்டுக்கோழி 10 முதல் 15 முட்டை வரை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்போது புரோலாக்டின் என்ற சுரப்பு உடம்பில் ஏறி, முட்டை உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. இது நோய் அல்ல, தாய்மை.

எங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 13 முட்டை இட சுமார் 18 நாள். அடைகாக்க 21 நாள். குஞ்சோடு திரிய இரண்டரை மாசம், அதாவது 75 நாள். ஆக ஒரு சுற்றுக்கு 114 நாள். 365-ஐ 114-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு மூன்று சுற்று. மூன்று சுற்றுக்கு 39 முட்டை! அவ்வளவுதான். "நாட்டுக்கோழி ஏன் கம்மியா வைக்குது?" என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. முட்டையிட அதற்கு நேரமே இல்லை.

குஞ்சு வேண்டாம், முட்டை போதும் என்றால், அடைக்கு உட்கார்ந்த அன்றே தூக்கி, மெத்தையில்லாத, அடியில் காற்றுப் போகும் கூடையில் நாலைந்து நாள் அடைத்து வைக்கலாம். தீனி, தண்ணீர் குறையக்கூடாது. அடிவயிற்றுச் சூடு தணிந்து, இரண்டு, மூன்று வாரத்தில் பெரும்பாலும் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். குஞ்சு பொரித்திருந்தால், ஒரு மாசத்துக்குப் பின் குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்தாலே வருஷத்துக்கு ஒரு சுற்று கூடும்.

3. இறகு உதிர்க்கிறதா?

வருஷத்துக்கு ஒரு முறை கோழி பழைய இறகைக் கொட்டிப் புது இறகு போடும். பெரும்பாலும் பகல் குறைந்துகொண்டு வரும் மாசங்களில் இது நடக்கும். இரண்டு, மூன்று மாசம்கூட ஆகலாம். இறகு என்பது ஏறக்குறைய முழுக்கவே புரதம். ஒரே சரக்கை வைத்து இரண்டு வேலை நடக்காது. இறகு தயாராகும்போது முட்டை நிற்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சீக்கிரமே இறகு உதிர்த்துப் புது உடையில் மினுக்குகிற கோழி பெரும்பாலும் சுமாராக முட்டையிடுகிற கோழி. நன்றாக முட்டையிடும் கோழி கடைசி வரை முட்டையிட்டுவிட்டுத்தான் இறகு உதிர்க்கும். அதுவரை பழைய, தேய்ந்த, மங்கின இறகோடுதான் நிற்கும். படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும்... எங்கள் செவலை ஏன் அப்படி இருந்தது என்று.

4. சப்ளை: தீனி, தண்ணீர், சுண்ணாம்பு

50 கிராம் முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வெறும் ரேஷன் அரிசியைப் போட்டால் அதில் புரதம் 7 சதவீதம்தான். பண்ணைக் கோழித் தீவனத்திலோ 16 முதல் 18 சதவீதம் இருக்கும். எங்கள் பாட்டி காலத்தில் வீட்டு உரலில் கம்பும் சோளமும் இடித்தார்கள். தவிடும் நொய்யும் கோழிக்குப் போயின. களத்தில் சிந்திய தானியம், குப்பைமேட்டுப் புழு எல்லாம் இருந்தன. இப்போது மாவு மில், அறுவடை மெஷின், சிமெண்டு முற்றம். கோழி அதே கோழிதான், அதன் சாப்பாட்டுத் தட்டுதான் காலியாகிவிட்டது!

செலவில்லாத ஒரு வழி உண்டு. பழைய மண்பானையில் காய்ந்த சாணி, கிழிந்த சாக்கு, ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் ராத்திரி கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறையக் கரையான். கோழிக்கு அது கறிவிருந்து. கொஞ்சம் கடலைப் புண்ணாக்கும் சேர்த்தால் இன்னும் நல்லது.

ஓடு விஷயத்துக்கு வருவோம். முட்டை ஓட்டில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கார்பனேட். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் சுமார் 2 கிராம் கால்சியம் செலவாகிறது. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடப்பதால், சாயங்காலத் தீனியோடு நொறுக்கிய கிளிஞ்சல் வைத்தால் நல்ல பலன் தரும். வீட்டில் உடைத்த முட்டை ஓட்டையும் வெயிலில் காயவைத்துப் பொடித்துக் கொடுக்கலாம். முழுசாகப் போட்டுவிடாதீர்கள், அப்புறம் தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

முட்டைக்குள் இருப்பதில் முக்கால் பங்கு தண்ணீர். கோழி தின்னும் தீனியைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் அதற்கும் மேல். மத்தியானம் காய்ந்து கிடக்கும் தண்ணிச்சட்டி ஒன்று போதும், முட்டை குறைவதற்கு.

5. வெயில்

கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி. அதற்கு வியர்வையும் கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் தீனியைக் குறைத்துவிடும், முட்டையும் குறையும். அதோடு, மூச்சிரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் குறைகிறது. கோடையில் முட்டை ஓடு மெல்லிசாக இருப்பது இதனால்தான். வைத்தியம்: மர நிழல், குளிர்ந்த தண்ணீர், வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தீனி.

6. நோய்

பேன், செள்ளு, குடற்புழு இவை சத்தமில்லாமல் சத்தை உறிஞ்சும். ராத்திரியில் டார்ச் அடித்துக் கூட்டின் சந்துகளையும் கோழியின் இறக்கை அடியையும் பாருங்கள்.

பெரிய எதிரி வெள்ளைக் கழிச்சல். இதைத்தான் ராணிக்கெட் நோய் என்பார்கள். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள ராணிக்கெட்டில் 1920-களில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். பிழைத்த கோழியும் பல நாள் முட்டையிடாது, இட்டாலும் தோல்முட்டையாக இடலாம். இதற்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், முகாம் நடக்கும்போது விட்டுவிடாதீர்கள். ஒரே சமயத்தில் பல கோழிகள் சோர்ந்து நின்றால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

7. வயசும் ஜாதியும்

முதல் வருஷம்தான் கோழி அதிகமாக முட்டையிடும். பிறகு வருஷத்துக்கு வருஷம் குறையும். நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறதே என்று கேட்பீர்கள். அது வெள்ளை லெகார்ன் வழிவந்த கலப்பினம். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து, அடை உட்காரும் குணத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்கு அளந்த தீனி, அளந்த வெளிச்சம். நாட்டுக்கோழியோ தன் தீனியைத் தானே தேடி, பருந்துக்குத் தப்பி, குஞ்சையும் வளர்த்துக் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா? நடுவழி வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, பெங்களூரில் உருவாக்கிய கிரிராஜா மாதிரி ரகங்கள் உண்டு. புறக்கடையில் வளரும், நாட்டுக்கோழியைவிட அதிக முட்டையிடும்.

கடைசியாகத்தான் பல்பு!

அந்த ஆங்கிலப் புத்தகம் பொய் சொல்லவில்லை. வெளிச்சம் கண் வழியாக மட்டுமில்லாமல் மண்டை ஓட்டைக் கடந்தும் கோழியின் மூளையை எட்டும். அங்கிருந்துதான் முட்டைக்கான சுரப்புகளுக்கு உத்தரவு போகிறது. ஆனால் லண்டனில் டிசம்பர் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. நம் தென் மாவட்டங்களில் டிசம்பரிலும் பகல் சுமார் 11½ மணி, ஜூனில் சுமார் 12¾ மணி. அவர்களுக்கு முதல் காரணமாக இருப்பது நமக்குக் கடைசிக் காரணம்.

மற்றதெல்லாம் சரி செய்த பிறகு வேண்டுமானால் பல்பு போடுங்கள். 9 வாட் பல்பு தினம் 3 மணி நேரம் எரிந்தால் 27 வாட்-அவர். 30 நாளைக்கு 810, அதாவது ஒரு யூனிட்கூட இல்லை! விடியற்காலையில் போடுங்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முட்டைக் கூடை மட்டும் இருட்டிலேயே இருக்கட்டும். ஒயரிங் ஒழுங்காக இருக்கட்டும், கோழி கொத்தும்!

எங்கள் வீட்டு ஃபால்ட் ரிப்போர்ட்

எல்லாம் தெரிந்த பிறகு அந்தப் புரட்டாசியை எண்ணிப் பார்த்தேன். ஏழு கோழியில் இரண்டு குஞ்சோடு திரிந்தன. மூன்று புது இறகு போட்டு முடித்து இன்னும் முட்டைக்கு வரவில்லை. ஒன்றுக்கு ஐந்து வயசு. ஏழாவது செவலை. கண்ணும் படவில்லை, காத்தும் அடிக்கவில்லை. எந்தக் கோழியும் தப்பு செய்யவில்லை. விற்கும் முன் அதன் சிவந்த கொண்டையை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் போதும். பார்க்காமல் போனது நான்தான்.

இப்போது பல்பைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டேன். கூடைக்கு மேலே ஒரு சாக்குத் தொங்குகிறது. கரையான் பானை இரண்டு ஓடுகிறது. தை மாசத்திலிருந்து தினம் இரண்டு, மூன்று முட்டை வருகிறது. கடுகு டப்பாவில் மறுபடி காசு குலுங்குகிறது. அம்மா ஒரு செவலை விடைக்கோழி வாங்கி விட்டிருக்கிறார்கள். ஆனாலும் சந்தைப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் கூடைகளில் எதையோ தேடுகிறது.

நண்பர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் உங்கள் வீட்டில் யாராவது ஒரு கோழியைக் காட்டி "இது தேறாது" என்று சொல்லலாம். கத்தி எடுக்கும் முன் கொண்டையைப் பாருங்கள், இரண்டு விரல் வைத்துப் பாருங்கள், படப்பைக் கிளறிப் பாருங்கள். அரியர் வைத்திருக்கும் நமக்கும் இதைத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்! நம் முட்டைகளும் எந்தப் படப்பில் கிடக்கிறதோ, யார் கண்டார்?



— மூன்றாமாண்டு மாணவன், இ.இ.இ. பிரிவு